நட்சத்திரத்துக்குத் தெரியாத புள்ளி

எனக்கு முன்கோபம் அதிகம். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லப்போகும் விஷயத்தில் நடந்த நல்ல காரியம் அந்தக் கோபத்தால்தான் நடந்தது. வீட்டில் என்னை மிளகாய் வற்றல் என்பார்கள். தி.நகரில் எங்களுக்கு ஜவுளிக்கடை. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நிலைத்தவர். தீபாவளிக் கூட்டத்துக்கு நடுவில் வளர்ந்தவள் மெதுவாகப் பேசினால் யார் காதில் விழும்?

எழுபதுகளின் கடைசியில், கணிதத்தில் எம்.எஸ்சி. முடித்த கையோடு, அடையாறு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் அறையில். அப்பா ஒரு நாள் வந்து பார்த்தார். கண்ணாடிச் சுவருக்கு உள்ளே மிஷின், அதற்கு ஏ.சி. சுவருக்கு வெளியே நாங்கள், எங்களுக்குக் கரகரவென்று சுற்றும் ஒரு மின்விசிறி.

"ஏளா, பெட்டிக்கு ஏ.சி.யப் போட்டுட்டு மனுசருக்குக் காத்தாடியா? இது என்ன நியாயம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் கேட்டதில் தப்பில்லை.

பக்கத்து நாற்காலி அக்காவுடையது. என்னைவிட ஏழெட்டு வயது பெரியவள். மயிலாப்பூரில் கோயில் குளத்தை ஒட்டிய தெருவில் தலைமுறைகளாக இருக்கும் குடும்பம். கல்யாணமாகி, பள்ளிக்குப் போகும் ஒரு பெண் குழந்தை. அடையாறு கடலில் கலக்கிற இடத்தில் மணல் மேடு எப்போது அடைக்கிறது, எப்போது உடைகிறது என்பதுதான் அவளுடைய பிஎச்.டி. ஆராய்ச்சி. மீனவர்களின் படகில் போய் ஆழம் பார்த்து, அலை பார்த்து, அத்தனையையும் மிஷினுக்குள் ஏற்றி இரண்டு வருடமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த இரண்டு வருடம்தான் இந்தக் கதையில் பணயம். அக்காவின் கணவருக்கு வடக்கே மாற்றலாகி, அவர் முன்னாலேயே போய் வீடு பார்த்துவிட்டார். பொங்கல் கழிந்ததும் இவளும் குழந்தையும் கிளம்ப வேண்டும். அதற்குள் கடைசிக் கணக்கு ஓடி, ஆராய்ச்சியைச் சமர்ப்பித்தால் உண்டு. இல்லையென்றால் இல்லை. அங்கே போய் எந்த மிஷினில் யார் உட்கார விடப் போகிறார்கள்? அவளே சொல்வாள், "தை பொறந்தா எனக்கு வழி பொறக்காது, அடைஞ்சுடும்."

அவளுக்கு நான் பட்ட கடன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஆரம்பித்தது. அந்தக் கட்டடத்தில் பெண்களுக்கான கழிவறையைப் பூட்டி, பிரிண்டர் காகிதக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். இருந்த ஒரே பெண்ணான அக்கா பக்கத்துக் கட்டடம் வரைக்கும் நடந்து போய் வந்துகொண்டிருந்தாள். தனக்காக அவள் வாயே திறக்கவில்லை. நான் சேர்ந்த மூன்றாம் நாள், நேராகப் பெரியவர் அறைக்குப் போனாள். பெரியவர் என்று நான் சொல்வது அந்தப் பிரிவின் தலைவரை. "காகிதம் வெளில இருந்தா ஒண்ணும் ஆயிடாது சார். சின்னப் பொண்ணு வந்திருக்கா" என்றாள். அன்று சாயங்காலமே அறை காலியானது. அதற்கு நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் வீட்டில் வாடிக்கையாளருக்குத்தான் கும்பிடு, சொந்த மனிதர்களுக்குக் கிடையாது.

அக்காவிடம் எனக்குப் பிடிக்காத குணம் ஒன்று உண்டு. எதையும் தூக்கிப்போட மாட்டாள். வெல்லம் கட்டி வந்த சணலைக்கூடச் சுருட்டிக் கைப்பையில் வைப்பாள். மிஷினிலும் அப்படித்தான் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அந்த டிஸ்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணத் தாம்பாளம் அளவுக்கு ஒரு தட்டு, பிளாஸ்டிக் கூட்டுக்குள். இன்று பேரப்பிள்ளைகள் போனில் எடுக்கும் ஒரே ஒரு படத்தைக்கூட அது தாங்காது. அதில்தான் எங்கள் எல்லோருடைய வேலையும் குடித்தனம் இருந்தது. மார்கழி பிறந்ததும் அது நிரம்பிவிட்டது. அக்காவின் கடைசிக் கணக்கு பாதி ஓடும், இடமில்லை என்று ஒரு வரியை அச்சடித்துவிட்டு நின்றுவிடும். மறுபடி போடுவாள். மறுபடி நிற்கும். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

பெரியவர் நல்ல மனிதர். யாரையும் சந்தேகப்பட மாட்டார். நினைத்தால் அவரே உள்ளே புகுந்து யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம். அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்ப்பது மரியாதையில்லை என்பது அவர் கொள்கை. கரும்பலகையில் ஒரு கட்டளையை எழுதினார்.

du -s *

யூனிக்ஸ் தெரிந்தவர்களுக்கு இது அரிச்சுவடி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். du என்பது இடத்தை அளந்து சொல்லும் ஆள். அந்த நட்சத்திரத்துக்கு எல்லாம் என்று அர்த்தம். "உள்ளே வந்ததும், வேறெங்கும் போகாம, இதை அடிங்க. வர்ற எண்களைக் கூட்டிப் பலகையில எழுதுங்க. யாரோடது அதிகமோ அவங்க கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்றார்.

எழுதினோம். எல்லோருடையதும் சுமாராக இருந்தது. இருப்பதிலேயே சின்ன எண் அக்காவுடையதுதான்.

"பாத்தியா, எங்காத்துல அளவான குடும்பம்" என்று என்னிடம் சிரித்தாள். அப்போது பஸ்ஸுக்குப் பஸ் குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்த காலம்.

வேடிக்கை என்னவென்றால், எல்லோருடைய எண்ணையும் கூட்டினால் டிஸ்க்கில் பெரிய பகுதி கணக்கிலேயே வரவில்லை. இடம் இல்லை என்கிறது மிஷின். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்கிறது பலகை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது யார்?

அப்போது எங்கள் பக்கம் அடிக்கடி மின்சாரம் போகும். வேலை நடக்கும்போது போனால் டிஸ்க்கில் சில துண்டுகள் யாருக்கும் சொந்தமில்லாமல், காலியாகவும் இல்லாமல் அந்தரத்தில் நின்றுவிடும். நிஜமாகவே நடக்கிற விஷயம்தான். பெரியவர் அப்படித்தான் முடிவு கட்டினார். அதற்கு வைத்தியமும் எல்லோருக்கும் தெரிந்ததே. எல்லாவற்றையும் டேப்பில் எழுதிவிட்டு, டிஸ்க்கை ஒட்டுமொத்தமாக அழித்து, டேப்பிலிருந்து திரும்ப ஏற்றுவது. சனிக்கிழமை செய்வதாகத் தீர்மானம் ஆனது. "அவரவர் வேலையை அவரவரே டேப்பில ஏத்திடுங்க. இதே மாதிரி நட்சத்திரம் போட்டாப் போதும், எல்லாம் போயிடும்" என்றார்.

இந்தத் திட்டத்துக்கு மிகவும் ஆசைப்பட்டவள் அக்காதான். அழித்தால் இடம் வரும், இடம் வந்தால் கடைசிக் கணக்கு ஓடும். வெள்ளிக்கிழமையே செய்துவிடலாமே சார் என்று போய் நின்றாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோம் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சனிக்கிழமை காலை அரைநாள்தான் ஆபீஸ். ஒவ்வொருவராக டேப்பில் ஏற்றினோம். டேப்பில் ஏறியதும் டிஸ்க்கில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று மறுபடி அந்த நட்சத்திரக் கட்டளையை அடித்துத் தாளைப் பெரியவரிடம் கொடுக்க வேண்டும். அக்காவுடையது கச்சிதமாக ஒத்துப்போனது. ஏன் ஒத்துப்போகாது? டேப்பில் ஏற்றிய கட்டளையும் அளந்து பார்த்த கட்டளையும் ஒரே கண்ணைத்தானே மூடிக்கொண்டிருந்தன.

பதினொரு மணிக்குப் பெரியவர் கண்ணாடி அறைக்குள் போனார். அழிப்பதற்கு அவர் உட்கார்ந்த நேரம் பார்த்து ஏ.சி. நின்றுவிட்டது. ஏ.சி. நின்றால் மிஷினை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினார். சைதாப்பேட்டையிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார்கள். தோளில் கான்வாஸ் பையோடு சைக்கிளில் வந்தார். நாற்பது வயதிருக்கும். பையைப் பிரித்தார், உள்ளே தலையை விட்டார், எதையோ தட்டினார், ஏ.சி. ஓட ஆரம்பித்தது.

"ஆன் பண்ணலாமா?" என்று பெரியவர் கேட்டார்.

"இன்னா சார் அவசரம்? ரூமு இன்னும் அடுப்பு மாதிரி கீது. இப்போ போட்டீங்கன்னா மறுபடியும் நான்தான் வரணும். சாப்ட்டுக்கினு வாங்க, குளுந்துடும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"குளுர்ற வரிக்கும் ஆகும் சார்."

பெரியவர் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனார். மெக்கானிக் கண்ணாடிக் கதவில் சாய்ந்து உட்கார்ந்து, டீ வாங்கிவரச் சொல்லி, யாரும் உள்ளே போகாமல் காவல் இருந்தார். எனக்கு எரிச்சல். சனிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போயாக வேண்டும், தை முகூர்த்தத்துக்குச் சேலை எடுக்க ஒரு பெரிய குடும்பம் வருகிறது, அப்பா சொல்லியிருந்தார். இவரானால் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அந்த டீக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

அக்கா பையை எடுத்துக்கொண்டாள். குழந்தைக்குப் பள்ளியில் ஏதோ பாட்டுப் போட்டி.

"ஏண்டி, நான் சார்கிட்ட குடுத்த du பேப்பர் பாதில கிழிஞ்சிருந்துதாம், வேற ஒண்ணு கேக்கறார். மிஷின் வந்தப்புறம் நீ ஒரு தடவை அடிச்சுக் குடுத்துடறயா? பாஸ்வேர்டுதான் உனக்குத் தெரியுமே."

அந்த அறையில் யாருக்குத்தான் தெரியாது? குலதெய்வத்தின் பெயரை வைத்திருந்தாள். நாளைக்கு நாலு தடவை வாய்விட்டுச் சொல்கிற பெயர்.

"போங்க, நான் பார்த்துக்கிடுதேன்" என்றேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

அறை குளிர்ந்தது. பெரியவர் வந்தார், மிஷினை ஓட்டினார். "அந்த ஒரு தாளைக் குடுத்துடும்மா, ஆரம்பிச்சுடறேன்" என்று கண்ணாடிக்கு உள்ளிருந்து சைகை காட்டினார். நான் அக்காவின் பெயரில் நுழைந்தேன். எங்கள் டெர்மினல் தாளில் அடிக்கிற ரகம், தட்டச்சு மிஷின் மாதிரி. நட்சத்திரம் போட ஷிஃப்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த ஷிஃப்ட் வாரக்கணக்கில் மக்கர் செய்துகொண்டிருந்தது. ஒரு தடவை அடித்தேன், நட்சத்திரத்துக்குப் பதில் வேறெதுவோ விழுந்தது. இன்னொரு தடவை, அதே கதை. கடிகாரத்தைப் பார்த்தேன். கோபம் உச்சிக்கு ஏறியது. "சனியனே, நீயும் வேண்டாம் உன் நட்சத்திரமும் வேண்டாம்" என்று சொல்லி, நட்சத்திரம் இல்லாமலே du -s என்று மட்டும் அடித்து ரிட்டர்ன் பொத்தானை ஓங்கிக் குத்தினேன்.

மிஷின் யோசித்தது. வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு ஒரே ஒரு எண்ணை அடித்தது.

பலகையில் இருந்த எல்லோருடைய எண்ணையும் தூக்கிச் சாப்பிடுகிற எண் அது.

மிஷினுக்குச் சூடு தலைக்கேறிவிட்டது என்று நினைத்தேன். ஷிஃப்டைக் கட்டைவிரலால் நசுக்கிப் பிடித்து, நட்சத்திரத்தோடு அடித்தேன். பழைய சின்ன எண்கள். நட்சத்திரம் இல்லாமல் அடித்தேன். அந்தப் பெரிய எண்.  உள்ளே இருப்பதை ஒன்றுவிடாமல் காட்டு என்று ஒரு கட்டளை உண்டு, சாதாரணமாக யாரும் அடிக்க மாட்டோம். அதை அடித்தேன். இரண்டு மூன்று பெயர்கள் வந்தன. அவற்றில் ஒரு பெயர் புள்ளியில் ஆரம்பித்தது. அது தனிக் கோப்பு அல்ல, டைரக்டரி என்று நாங்கள் சொல்கிற ஒரு அறை. அதற்குள் போய்ப் பார்த்தால் ஆற்றின் முகத்துவாரம் மொத்தமும் இருந்தது. ஆழம், அலை, மணல், இரண்டு வருடம்.

கண்ணாடிக்கு உள்ளே பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்து ஓடினேன். மெக்கானிக் கதவில் கையை நீட்டித் தடுத்தார்.

"இன்னாம்மா, செருப்போட போறே?"

செருப்பை உதறிவிட்டு உள்ளே பாய்ந்தேன். "சார், நிறுத்துங்க. அக்காவோட வேலை டேப்பில இல்ல" என்றேன்.  தாளை அவர் கையில் திணித்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் விசைப்பலகையிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். 

நடந்தது இதுதான். நட்சத்திரம் என்றால் எல்லாம் என்று நாங்கள் நினைத்தோம். அது அப்படி இல்லை. நட்சத்திரத்தை du பார்ப்பதே கிடையாது. அதற்கு முன்னால் ஷெல் என்று ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். நாம் அடிப்பதை வாங்கிப் படிப்பவன் அவன்தான். நட்சத்திரத்தைப் பார்த்ததும் அவன் அங்கே இருக்கிற பெயர்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்து, பிறகுதான் du-வைக் கூப்பிடுகிறான். புள்ளியில் தொடங்கும் பெயர்களை அவன் எடுக்க மாட்டான், அது அவனுக்கு விதி. எங்கள் கடையில் வருட முடிவில் இருப்பு எடுக்கும்போது, "எல்லாச் சேலையையும் கொண்டு வாங்கப்பா" என்றால் அலமாரியில் இருப்பதெல்லாம் வரும். யாருக்கோ கல்யாணத்துக்கென்று பீரோவுக்குள் எடுத்து வைத்தது வராது. எண்ணுகிறவர் சரியாகத்தான் எண்ணுவார். அவரைத் திட்டி என்ன பயன்? நட்சத்திரமே போடாமல் விட்டால் கதை வேறு. அப்போது du தானே உள்ளே போய் பீரோவையும் சேர்த்து அளக்கும்.

டேப்பில் எழுதும்போதும் அதே நட்சத்திரம். அதற்கு முந்தைய டேப்புகளிலும் அதே நட்சத்திரம். பெரியவர் ஒரு கட்டளை அடித்திருந்தால் அக்காவின் இரண்டு வருடம் இந்த உலகத்தில் எங்கேயும் இருந்திருக்காது.

அக்கா நாலு மணி வாக்கில் குழந்தையோடு வந்தாள். போட்டியில் குழந்தைக்கு ஆறுதல் பரிசு, ஒரு சோப்புப் பெட்டி. நாங்கள் சொன்னதும் அவள் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"புள்ளி எதுக்கு வெச்சீங்க அக்கா?" என்றேன். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது எனக்கு.

"பிள்ளையார் சுழிடி" என்றாள்.

"என்னது?" என்றேன்.

"மொத நாள், முதன்முதலா அந்த டைரக்டரியைப் பண்றச்சே, சுழி போடாம எப்படி ஆரம்பிக்கறது? அந்தக் கீபோர்டுல உகாரத்துக்கு எங்கே போவேன்? சுழியே புள்ளி வெச்சுத்தானே ஆரம்பிக்கறோம், புள்ளியாவது இருக்கட்டுமேன்னு முன்னாடி வெச்சேன். உள்ள வந்ததும் நேரா அதுக்குள்ளதானே போயிண்டிருந்தேன். வெளில என்ன தெரியறது, தெரியலேன்னு நான் பார்த்ததே இல்லையே."

பெரியவர் சிரிக்கவில்லை. எங்கள் கடையிலும் பில் புத்தகத்தின் ஒவ்வொரு தாளிலும் சுழி உண்டு. அப்பா வண்ணான் கணக்குக்குக்கூடச் சுழி போடுவார். அந்த அறையில் இருந்த நாங்கள் யாரும் அதைத் தப்பென்று சொல்ல முடியாது. பரீட்சைத் தாளில் அது இல்லாமல் ஒரு எழுத்து எழுதியவர் யார்?

பெரியவர் எழுந்து போய்ப் பலகையில் இருந்த நட்சத்திரத்தைக் கையாலேயே அழித்தார். டஸ்டரைத் தேடக்கூட இல்லை. "தப்பு என்னுதும்மா. எல்லாம்னு நான்தான் எழுதினேன், எது எல்லாம்னு நான் பார்க்கலை" என்றார், எங்கள் எல்லோர் முன்னாலும், வயதில் பாதிகூட இல்லாத எங்களிடம். அந்த மாதிரி ஒரு மேலதிகாரியை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. அவருக்கும் நன்றி.

அக்கா தன் புள்ளி அறையைத் திறந்து பார்த்தாள். இரண்டு வருடமாகப் போட்டுப் பார்த்த அத்தனை வெள்ளோட்டங்களும், தப்பான விடைகளும்கூட, வெல்லச் சணல் மாதிரி சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. நான் பக்கத்தில் நின்று தூக்கிப்போடச் சொல்லிச் சொல்லி மிரட்டினேன். ஒவ்வொன்றாக அழித்தாள், மனசே இல்லாமல். டிஸ்க்கில் இடம் மளமளவென்று திறந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டுதான் நெய்க்கு அலைந்திருக்கிறோம். அந்தரத்தில் நின்றவை என்று பெரியவர் நினைத்ததெல்லாம் அவளுடைய பழைய தப்புக் கணக்குகள்.

"பிள்ளையார்தான் காப்பாத்தினார்" என்றாள்.

"ஆமா, பிள்ளையார்தான் ஒளிச்சும் வெச்சார்" என்றேன்.

மெக்கானிக் அதுவரை போகவில்லை. பையைக் கட்டிக்கொண்டே, "இன்னா மேடம், எல்லாம் கெடச்சுதா?" என்றார். கிடைத்தது என்று அக்கா கைகூப்பினாள். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. குழந்தை தன் சோப்புப் பெட்டியைக் காட்டியது. "நைனாகிட்ட காட்டு, சந்தோஷப்படுவாரு" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

கடைசிக் கணக்கு அடுத்த வாரம் நிற்காமல் ஓடியது. தை பிறப்பதற்குள் அவள் ஆராய்ச்சியைத் தட்டச்சுக்குக் கொடுத்தாள். பிழை பார்ப்பது என் வேலை. நன்றி சொல்லும் பக்கம் வந்தது. இங்கிலீஷில் ஒரே வரி. இந்த ஆய்வுக்கு உதவிய அனைவருக்கும் நன்றி, அவ்வளவுதான்.

"அக்கா, மறுபடியும் நட்சத்திரமா?" என்றேன். "அனைவரும்னு போட்டா யாராவது விட்டுப்போவாங்கன்னு இன்னும் தெரியலையா உங்களுக்கு?"

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தப் பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு போனாள். இரண்டு நாள் கழித்துப் புதிய பக்கம் வந்தது. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுதியிருந்தாள். பெரியவர். படகில் ஏற்றிப் போன மீனவர்கள், தனித்தனிப் பெயரோடு. கணவர், அவருடைய அம்மா, குழந்தை. சைதாப்பேட்டை மெக்கானிக், அவர் பெயரை யாரிடமோ விசாரித்து. டீக்கடைக்காரர்கூட இருந்தார்.

நான் இல்லை.

மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை படித்தேன். இல்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா? டீக்கடைக்காரருக்கு இருக்கிற இடம் எனக்கு இல்லையா? வாயைத் திறந்து கேட்டால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. ஒரு கால்புள்ளியைத் திருத்தி, பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் கிளம்பும்வரை கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். அவள் ஒன்றும் தெரியாதவள் மாதிரி வீட்டிலிருந்து அடை கொண்டுவந்து என் மேஜையில் வைத்துக்கொண்டிருந்தாள். அடையை மட்டும் விடாமல் சாப்பிட்டேன்.

ஊருக்குக் கிளம்பிய அன்று சென்ட்ரலுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. ரயில் நகர ஆரம்பித்தபோது ஜன்னல் வழியே ஒரு கனத்த உறையைக் கொடுத்தாள். "ஆத்துக்குப் போய்ப் பிரி. உன்னுது" என்றாள்.

நானா வீடு வரைக்கும் பொறுப்பவள்? தி.நகர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பிரித்தேன். ஆராய்ச்சியின் கார்பன் பிரதி ஒன்று. நேராக அந்த நன்றிப் பக்கத்துக்குப் போனேன். ஒருவேளை சேர்த்திருப்பாளோ என்று பார்த்தேன். இல்லை. அதே பெயர்கள், அதே வரிசை. புத்தகத்தை மூடி மடியில் போட்டுவிட்டு மவுண்ட் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சைதாப்பேட்டைக்காரர் பெயரை எப்படி எழுதியிருந்தாள் என்று பார்க்க மறுபடி திறந்தபோது, முதல் பக்கம் வந்தது. தலைப்புக்கு மேலே, தாளின் உச்சியில், அவள் எதை எழுதினாலும் முதலில் பிள்ளையார் சுழி போடுகிற இடத்தில், பேனாவால் சின்னதாக என்னவோ இருந்தது. சுழி இல்லை. என் பெயர். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி.

"இன்னாம்மா, யாராச்சும் பர்ஸ் அடிச்சிட்டாங்களா?" என்று கண்டக்டர் குனிந்து கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் நம்பாமல் பின்சீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.